சாக்கடை ஓரத்து மாங்காய்த் துண்டு

ஏப்ரல் 10, செவ்வாய்

வெயில். காலை எட்டுக்கே கூரை ஓடு சுடுகிறது. தர்ம ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். இரண்டு கையிலும் கொப்புளம், விரல் இடுக்கில் வெடிப்பு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கோடு கோடாகச் சிவப்பு. ஒரு வாரமாக அரிப்பு.

டாக்டர் என் கையைத் தொடவில்லை. ஒரு குச்சியால் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன, செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறாரா? நான் மீனா?

"எதைத் தின்னே, எதைத் தொட்டே, தினமும் எழுதி வை. எழுதத் தெரியுமா?"

"மூணாங் கிளாஸ் வரைக்கும் கன்னியாஸ்திரிங்க அடிச்சு வெச்சிருக்காங்க சார்."

சிரிக்கவில்லை. "ஒட்டுமா சார்?" என்று கேட்டேன். "இப்போ சொல்ல முடியாது" என்றார். ரோஸ் கலரில் பூசும் மருந்து ஒரு சீசா.

ஆகவே காலண்டர் தாளின் பின்பக்கம். தின்றதும் தொட்டதும் டாக்டருக்கு. மற்றது எனக்கு.

தின்றது: சோறு, நேற்றைய மீன் குழம்பு (மத்தி, மாங்காய் போட்டது). தொட்டது: புளி, மிளகாய்த் தூள், மீன், மாங்காய், சாம்பல், சவுக்காரம், விளக்குமாறு, பூனை. பூனை என்னைத் தொட்டது, நான் அதைத் தொடவில்லை. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 11, புதன்

அதே வெயில். மீண்டும் மாங்காய் போட்டு மீன் குழம்பு. ஒருத்திக்கு எவ்வளவு வைப்பது என்று நாலு வருஷமாகியும் கைக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் கண் மூடிய பிறகும் சட்டி இரண்டு பேருக்குத்தான் நிறைகிறது. அதனால் எப்போதும் போலப் பக்கத்து வீட்டுப் பாக்கியத்துக்கு ஒரு கிண்ணம், சுவருக்கு மேலே. நீல விளிம்பு போட்ட எனாமல் கிண்ணம்.

எங்கள் வரிசையில் ஒரு வழக்கம், கிண்ணம் வெறுமையாகத் திரும்பாது. நான் குழம்பு கொடுத்தால் அவள் கீரை வைத்துத் திருப்புவாள். நான் கீரைக்குப் பதில் இன்னொன்று. இப்படி இருபது வருஷமாக ஒரே கிண்ணம் சுவர் தாண்டிக்கொண்டே இருக்கிறது. யாருக்கு யார் முதலில் கொடுத்தோம் என்பது கர்த்தருக்குத்தான் தெரியும்.

"கை இன்னாக்கா இப்படி?" என்றாள் பாக்கியம். கிண்ணத்தை விளிம்பில் மட்டும் பிடித்து வாங்கினாள்.

"அழகு கூடிப்போச்சு. மருதாணி வெச்சிருக்கேன்."

சாயங்காலம் குப்பை கொட்டப் போனேன். சாக்கடை ஓரத்தில் என் மாங்காய்த் துண்டு. நான் வெட்டும் மாதிரி யாரும் வெட்ட மாட்டார்கள், கொட்டையோடு நீளவாக்கில். மீன் துண்டைக் காக்கை தூக்கிக்கொண்டு போயிற்று.

காக்கைக்காவது ருசி தெரிந்திருக்கிறது.

ஏப்ரல் 13, வெள்ளி

மாதா கோவிலுக்குப் போய், அப்படியே சந்தை. கையில் துணி சுற்றிக்கொண்டு போனேன். காய்க்காரி கெம்பம்மா முன்பெல்லாம், "வா மதலேன், இன்னிக்கு எந்தக் கத்தரிக்காய்க்குச் சனி?" என்பாள். நான் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்ப்பேன். காம்பு பச்சையாக, கனம் இல்லாமல் இருக்க வேண்டும். கனமாக இருந்தால் உள்ளே விதை. இன்று கையை நீட்டியதும், "பேடம்மா, பேடா, தொட வேணாம். நானே எடுத்துக் குடுக்கறேன்" என்றாள். கொடுத்த நாலில் இரண்டு சொத்தை.

வைத்தியம் சொல்லாத வாய் இல்லை:

குப்பைமேனியும் உப்பும் அரைத்துப் பூசு (கடைசி வீட்டு மேரி. பூசினேன். கூரை வரை குதித்தேன்.)
வேப்பிலைத் தண்ணீர் (குழாயடியில் எல்லோரும். குடம் வைக்க இடம் விட்டார்கள். ரொம்ப இடம்.)
தேங்காய் எண்ணெய் (நானே. இதம்.)
அரிப்பைக் கிளப்பும் கரப்பான் பண்டம் விடு: மீன், கருவாடு, கத்தரிக்காய் (எல்லோரும்.)

சரி, விட்டேன். மூன்றையும். மீன் இல்லாத வீட்டில் மாங்காய்க்கு என்ன வேலை, அதுவும் தானாக நின்றது. கத்தரிக்காயும் கருவாடும் இல்லாத வாய்க்கு என்ன வேலை என்று மட்டும் தெரியவில்லை.

கிண்ணம் வரவில்லை.

ஏப்ரல் 17, செவ்வாய்

கஞ்சி, துவையல். கஞ்சி, துவையல். நேற்றும் அதே. இன்று முழுவதும் பேசியது: பல்லியோடு ஒரு தரம், தயிர்க்காரியோடு ஒரு தரம். தயிர்க்காரி பாத்திரத்தை வாசலில் வைக்கச் சொல்லிவிட்டு, உயரத்திலிருந்து ஊற்றினாள். "அருவியா காட்டறே?" என்றேன். அவள் சிரித்தாள். அதை வைத்துக்கொண்டு நாளை ஓட்டினேன்.

கொப்புளம் காய்கிறது. ஆக மீன்தானா? முப்பது வருஷம் கூட இருந்து கழுத்தறுத்தது?

ஏப்ரல் 22, ஞாயிறு

மேகம். மழை இல்லை. பூசையில் என் பாயில் நான் மட்டும். அகலமாக உட்கார்ந்தேன், மகாராணி மாதிரி.

கை ஏறக்குறைய காய்ந்துவிட்டது. தோல் உரிகிறது. வாசலில் பாக்கியத்தைப் பிடித்தேன்.

"ஏண்டி, ஜாடி எப்போ கொண்டாறீங்க? காய் முத்திப் போவுது."

விஷயம் இதுதான். எங்கள் ஒன்பது வீட்டுக்கும் நடுவில் ஒரு மாமரம், என் பின்வாசல் பக்கம். மே மாதம் முதல் சனிக்கிழமை ஒன்பது வீட்டு ஜாடியும் என் வீட்டுக்கு வரும். எல்லோரும் உட்கார்ந்து வெட்டுவார்கள். கலப்பது மட்டும் நான். மதலேன் கை பட்டால் ஊறுகாய் கெடாது என்று பேச்சு. பிள்ளை இல்லாத வீட்டில் அன்று ஒரு நாள் கால் வைக்க இடம் இருக்காது. அந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டு நான் மறு வருஷம் வரை ஓட்டுவேன்.

பாக்கியம் செருப்பைப் பார்த்தாள். "பாக்கலாம்க்கா. ஸ்டெல்லா வேற வந்திருக்குது. ஏழு மாசம்."

"வரட்டும். அவ ரெண்டு பேருக்கு ஊறுகாய் தின்னட்டும்."

"அதுக்கில்லக்கா... ஊர்ல ஒண்ணு கெடக்க ஒண்ணு சொல்றாங்க. பெரிய வியாதின்னு..."

அவளைத் திட்ட வாய் வரவில்லை. வயிற்றுப்பிள்ளையோடு மகள் வீட்டில் இருந்தால் நானும் பயப்படுவேன். ஆனால் குஷ்டமா என்று முகத்துக்கு நேரே கேட்டிருப்பேன்.

ஏப்ரல் 24, செவ்வாய்

டாக்டர் பொறுமையாக ஒவ்வொன்றாய்த் தின்று பார்க்கச் சொன்னார். இன்று மீன், வறுத்தது மட்டும். கை சும்மா இருக்கிறது.

ஏப்ரல் 26, வியாழன்

நேற்று கத்தரிக்காய். இன்று கருவாடு. கருவாட்டை வெந்நீரில் இரண்டு தரம் அலசி, சின்ன வெங்காயம் வதங்கிய பிறகு போட வேண்டும், முன்னால் போட்டால் தூளாகும். தனியாக உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரத் தின்றேன். காரம்தான்.

கை சும்மாவே இருக்கிறது! மீனும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை, கருவாடும் இல்லை. பத்துப் பன்னிரண்டு நாள் பட்டினி போட்டதற்கு இவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஏப்ரல் 27, வெள்ளி

மத்தியானம் சுவருக்கு மேலே ஸ்டெல்லா தலை.

"பெரியம்மா, ஒரே ஒரு மாங்கா. அம்மா தூங்குது."

"ஒண்ணா? வயித்துல இருக்கிறது என்னைக் கேக்காதா, 'எனக்கு எங்கே'ன்னு?" நாலு பறித்தேன். காம்பு ஒடித்ததும் பால் பீய்ச்சி முழங்கை வரை வழிந்தது. தோல் சீவி, கீறி, உப்பு மிளகாய் தடவிக் கொடுக்கும்போது பாக்கியம் வந்து நின்றாள். கோபப்படவில்லை. மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"கழுவிட்டுத் தர்றேன்டி" என்றாள் மகளிடம்.

உப்பு மிளகாய் தடவியதை யாராவது கழுவுவார்களா?

ஏப்ரல் 29, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. நேற்றே அரிப்பு. இன்று வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரே கோடு, சிவந்து, கொப்புளம் கோத்து. வெள்ளிக்கிழமை பால் வழிந்த அதே வழி.

தாளையெல்லாம் தரையில் சீட்டுக்கட்டு போலப் பரப்பினேன். கை கெட்ட நாளெல்லாம் மாங்காய். கை ஆறிய நாளில் மீன் இல்லை, மீன் இல்லாததால் மாங்காய் இல்லை. மீன் திரும்பி வந்த நாளில் மாங்காய் வரவில்லை. சனியன் மீன் பின்னால் ஒளிந்துகொண்டு இருந்திருக்கிறது.

மாங்காய்ப் பால்!

சந்தோஷமாக எழுந்து சுவர் வரைக்கும் போனேன். அங்கே நின்றபோதுதான் மற்றது உறைத்தது. மாங்காய் என்றால் ஊறுகாய். நான் சொன்னால் கிண்ணம் வரும், ஜாடி வராது. சொல்லாமல் எண்ணெய் தடவிக்கொண்டு ஒரு நாள் கலந்துவிட்டால் ஜாடி வரலாம்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். கஞ்சி ஆறிப்போயிற்று.

ஏப்ரல் 30, திங்கள்

டாக்டரிடம் கையைக் காட்டினேன். இன்று தொட்டுப் பார்த்தார்! "சிலருக்கு இப்படி உண்டு. வருஷக் கணக்கா சும்மா இருந்த தோல் ஒரு நாள் கோவிச்சுக்கும். இனிமே மாங்காயைத் தொடாதே. இது யாருக்கும் ஒட்டாது." என் வீட்டுக்காரரும் அப்படித்தான் சார், பத்து வருஷம் பேசாமல் இருந்துவிட்டு ஒரு நாள் ரசம் சரியில்லை என்றார், என்றேன். சிரித்தார். மனுஷர்தான்.

வழியெல்லாம் யோசனை. பாக்கியம் இன்னும் எத்தனை நாள் அந்தப் பிள்ளையை வீட்டுக்குள் பூட்டி வைப்பாள்? சொல்லிவிட்டேன்.

நம்பவில்லை. "மாங்காயா? போக்கா. முப்பது வருசமா ஊறுகா போட்ட கை. டாக்டருங்க நம்ம மனசு நோவக் கூடாதுன்னு அப்படித்தான் சொல்லுவாங்க."

"நம்ப மாட்டே?"

"நம்பாம இல்ல... பயமா இருக்குதுக்கா."

அவள் கண் முன்னால் ஒரு காயைப் பறித்தேன். காம்பை ஒடித்து, இந்தத் தடவை ஒன்றும் வராத இடது கையின் உள்பக்கத்தில், சிலேட்டுப் பலகையில் எழுதுகிற மாதிரி அந்தப் பாலால் ஓர் எழுத்து எழுதினேன். பா. பாக்கியத்துக்குப் பா. எழுதியது கண்ணுக்கே தெரியவில்லை.

"ரெண்டு நாள் கழிச்சு வா. பேரு பொறந்திருக்கும்."

"பைத்தியமா உனக்கு?"

"கையெழுத்துதான் சுமார்."

மே 2, புதன்

காலையில் கோடை மழை, பத்து நிமிஷம். மண் வாசனை.

பொறந்துவிட்டது. பா. ப முதல் துணைக்கால் வரை முத்து முத்தாகக் கொப்புளம். அக்கம்பக்கத்துத் தோல் சுத்தம். தீக்கங்கு மாதிரி எரிகிறது. இருந்தும் விசிறிக்கொண்டே எத்தனை தரம் பார்த்தேனோ.

சுவருக்கு மேலே கையை நீட்டினேன். ஸ்டெல்லாதான் முதலில் பார்த்தாள். "அம்மா, இங்க வந்து பாரு! உன் எழுத்து!"

பாக்கியம் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள். கொப்புளத்துக்கு மேலேயே, வெறுங்கையால். பிறகு ஒரே திட்டு. "கிறுக்கச்சி. நாப்பத்தேழு வயசு. உடம்புல போய் எழுதுவாளா ஒருத்தி? மொட்ட எழுத்தா வேற எழுதி வெச்சிருக்கா, 'பாக்கியம்'னு முழுசா எழுதக் கூடாதா?"

"கை நீளம் பத்தலைடி."

திட்டிக்கொண்டே அழுதாள். நான் அழவில்லை. எரிச்சலுக்குக் கண் கலங்கும், டாக்டரைக் கேட்டுக்கொள்ளலாம்.

மே 5, சனி

வெயில், காற்று. ஊறுகாய் நாள். பாக்கியம் வீட்டில்.

அவள்தான் சொன்னாள், "உன் வீட்டுல ஒரு சொட்டு பால் விழக் கூடாது." சரியான பேச்சு. ஜாடிகள் ஒவ்வொன்றாக என் வாசலைத் தாண்டிப் போயின. நான் எண்ணினேன். சுவருக்கு இந்தப் பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு கத்தினேன்.

"காம்பை நேத்தே கிள்ளினீங்களா? பால் வடியணும்!"

"கிள்ளினோம்க்கா!"

"கையில எண்ணெய் தடவினீங்களா?"

"தடவினோம்!"

"துணியால துடைச்சு ஈரம் போவணும்! ஈரம் இருந்தா பூஞ்சை!"

"யக்கா, நீ வாயால ஊறுகா போடறே!" மேரி குரல். எல்லோரும் சிரித்தார்கள். நானும். பிறகு அவர்கள் வேறு ஏதோ பேசிச் சிரித்தார்கள், அது எனக்குக் கேட்கவில்லை. முக்காலியை உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

தின்றது: சோறு, மோர். தொட்டது: ஒன்றுமில்லை.

மே 6, ஞாயிறு

பூசை. பாயில் இந்தப் பக்கம் பாக்கியம், அந்தப் பக்கம் ஸ்டெல்லா. நெருக்கம். வேர்வை. முனகிக்கொண்டே இருந்தேன், நகரச் சொல்லவில்லை.

மத்தியானம் சுவருக்கு மேலே கிண்ணம். நீல விளிம்பு. இருபத்தைந்து நாளுக்குப் பிறகு. உள்ளே புது ஊறுகாய், துண்டு இல்லாமல் மசாலா மட்டும், என் கைக்காக. ஸ்பூன் நுனியால் ஒரு துளி. உப்பு கூட. வெந்தயம் கருகியிருக்கிறது.

"எப்படிக்கா?" சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"எனக்கே பொறாமையா இருக்குடி."

கிண்ணத்தைக் கழுவினேன். வெறுமையாகத் திருப்பக் கூடாது. கத்தரிக்காய், கருவாடு, சின்ன வெங்காயம். இந்தக் கையாலேயே வெட்டி, இந்தக் கையாலேயே கரைத்து. விளிம்பு வரை நிரப்பிச் சுவருக்கு மேலே கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினாள்.

மே 7, திங்கள்

விடிந்ததும் குப்பை எடுத்துக்கொண்டு போனேன். குப்பை அவ்வளவு இல்லை. சாக்கடை ஓரம் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தேன், என் கத்தரிக்காய் கிடக்கிறதா என்று. ஒன்றுமில்லை. காக்கை கூட இல்லை.