சாக்குக்குள் இருந்த தேவா

திங்கள், ஆகஸ்ட் 4

வெயில். மத்தியானம் மேகம் கட்டியது, மழை இல்லை. ஆபீஸ் பெருக்கி, போனைத் துடைத்து, சாமி படத்துக்குப் பூ. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். ஒலிபெருக்கி நேராக எங்கள் ஜன்னலைப் பார்த்து.

இன்று மாலை ‘தேவா எங்கே’ முதல் பாகம். ஓனர் எடுத்தது. ஓனருக்குக் கேபிளும் உண்டு, கல்யாண வீடியோவும் உண்டு. ஆடியில் கல்யாணம் இல்லை. காமிரா சும்மா கிடக்கிறது. அதனால் இந்தத் தொடர், எங்கள் கேபிள் சேனலில் மட்டும். துப்பறிகிற தேவாவையே கடத்திக்கொண்டு போய்க் குடோனில் கட்டிப் போடுகிறார்கள். தேவாவாக நடிப்பது என் அண்ணன்.

அண்ணன் முகம் வருவது முதல் பாகத்தில் மட்டும். இதுவரை எடுத்த மற்ற மூன்றுக்கும் அவனுக்குக் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. தலையில் சாக்கு போட்டு நாற்காலியில் கட்டி வைத்த ஆள்தானே, யார் உட்கார்ந்தால் என்ன என்றார் ஓனர். ஆபீசில் இருந்தது நான் ஒருத்தி. அண்ணனுடைய சட்டை, பேண்ட் போட்டு உட்கார வைத்தார்கள். முகம் தெரியாது என்பதால் சரி என்றேன்.

டிவியில் கீழே ஆபீஸ் நம்பரை ஓடவிட்டிருக்கிறார். கருத்தைச் சொல்லலாமாம். வழக்கமாக எனக்கு ‘படம் தெரியல’ என்கிற போன்தான் வரும். தெருப் பேரைக் கேட்டு வைத்துவிடலாம். கருத்து சொல்கிறவர்களிடம் என்ன பேசுவது?

வந்தவை:

– ஒரு பெரியவர்: “இன்னாம்மா, ஆளைக் கடத்தும்போது மேலேர்ந்து ரோசாப்பூ கொட்டுது?” (கல்யாண கேசட்டில் போடுகிற எஃபெக்ட். ஓனரிடம் அது ஒன்றுதான் இருக்கிறது.)

– இருங்காட்டுக்கோட்டையில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற ஒரு பையன், தெற்கத்திப் பேச்சு: “ஏ தங்கச்சி, துப்பறியுதவன் தானா போயி வேன்ல ஏறுதான். இதப் போயி கடத்துனதுன்னு சொல்லுதிய?” பின்னால் நாலைந்து பேர் சிரிப்பு.

– ஒரு அக்கா: “அந்த ஹீரோ யாரு? பாடம் ஒப்பிக்கிற மாதிரியே பேசிகினு கீறாரு. பாவம்.”

– தண்டலத்திலிருந்து ஒருத்தர், தேவா போட்டிருந்த சட்டை எந்தக் கடை என்று.

எல்லோருக்கும் “சரிங்க” என்றேன்.


செவ்வாய், 5

காலையில் தண்ணீர் லாரி வரவில்லை. இரண்டு குடம் பக்கத்து வீட்டில்.

அண்ணனுக்கு இந்த வாரம் செகண்ட் ஷிஃப்ட். தொடர் வரும்போது கம்பெனியில் வேலையில் நிற்பான். பார்க்க முடியாது. நான் சொல்வதுதான் அவனுக்கு. பல் துலக்கிக்கொண்டே கேட்டான்.

“இன்னா சொன்னாங்க?”

“சட்டை நல்லா இருக்குன்னாங்க.”

“சட்டையா? நடிப்பு?”

“நல்லா இருக்குன்னாங்க.”

வாயில் நுரையோடு சிரித்தான்.

இதில் சங்கடம் என்னவென்றால், இந்த மாதக் கடைசியில் கம்பெனியில் பர்மனென்ட் லிஸ்ட் போடுகிறார்கள். அண்ணன் ட்ரெய்னியாக நுழைந்ததே அதற்காக. இந்த மாதம் ஒரு நாள் லீவு போட்டாலும் பேர் வராது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். தொடரின் கடைசி பாகத்தை வெள்ளிக்கிழமை எடுக்கிறார்கள், காலையிலிருந்து இருட்டும்வரை. ஆடி வெள்ளிக்குப் படப்பை குடோனில் வேலையை நிறுத்திவிட்டுக் குடோன்காரர் குடும்பமே கோயிலுக்குப் போகிறது, அன்றைக்குத்தான் இடம் கிடைக்கும். கடைசியில் சாக்கை எடுத்து தேவா முகத்தைக் காட்ட வேண்டும். அண்ணன் வேண்டும்.

“ஜனங்க இன்னா சொல்றாங்கன்னு பாத்துட்டு முடிவு பண்றேன். நல்லா இருக்குன்னா லீவு போட்ருவேன். அப்புறம் கம்பெனி எதுக்கு? ஓனருக்குக் கோடம்பாக்கத்துல ஆள் தெரியும்.”

அம்மா அடுப்படியிலிருந்து, “யாருடா கோடம்பாக்கம் போறது?” அவன் வாய் கொப்பளித்தான்.

மாலை இரண்டாம் பாகம். முழுக்க சாக்கு. போன் விடாமல் அடித்தது.

– நேற்றைய அக்கா: “நேத்து சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன்மா. அந்தத் தோளு நடுங்குது பாரு, எனக்கே பயமாப் போச்சி.”

– ஒரு டீக்கடைக்காரர்: “கடை நிறைய ஆளுங்க. ஒருத்தன் டீய தொடல. மூஞ்சியே இல்லாம இன்னா மாதிரி நடிக்கிறான்யா.”

– காலனியிலிருந்து ஒரு பாட்டியம்மா: அந்தப் பிள்ளைக்கு யாராவது தண்ணீராவது கொடுக்கக் கூடாதா.

அது மிளகாய் மூட்டைச் சாக்கு. எவ்வளவு உதறியும் நெடி போகவில்லை. தும்மினால் திரும்ப எடுக்க வேண்டும், கேசட் வீண் என்று ஓனர் சொல்லியிருந்தார். அடக்கிக்கொண்டே இருந்தேன். தோள் குலுங்கியது. வேறொன்றும் செய்யவில்லை.


புதன், 6

சாயங்காலம் தூறல். ஒரு தெருவுக்குக் கேபிள் லைன் போய், பதினைந்து நிமிடத்தில் வந்தது.

காலையில் அண்ணனிடம், “நேத்து ரொம்ப பேர் போன் பண்ணாங்க. தேவா நல்லா பண்றாருன்னாங்க” என்றேன். அவ்வளவோடு நிறுத்தினேன். எந்தத் தேவா என்று அவன் கேட்கவில்லை. சாக்குப் பாகத்தில் பார்க்க ஒன்றும் இல்லை என்பது அவன் நினைப்பு. முதல் பாகம்தான் எல்லோர் மனதிலும் நிற்கிறது என்று எடுத்துக்கொண்டான். விசில் அடித்துக்கொண்டு குளிக்கப் போனான். பாதிச் சோற்றோடு தட்டை எடுத்து வைத்தேன்.

மூன்றாம் பாகத்தில் ஒரு தப்பு. நான் கொலுசைக் கழற்ற மறந்திருக்கிறேன். பேண்ட்டுக்குள் இருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை, கால் அசைந்தபோது சத்தம் மட்டும் பதிவாகியிருக்கிறது. ஓனருக்கும் தெரியாது. ஜனங்களுக்குத் தெரிந்துவிட்டது.

– “கடத்துனது பொம்பளதான். கொலுசு சத்தம் கேட்டுச்சி. இன்னா மூளைம்மா உங்க டைரக்டருக்கு.”

– “தேவாவோட சம்சாரம். ரெண்டாவது தொடுப்பு வச்சிருப்பான், அதான் புட்ச்சிகினு போய்ட்டா.”

– ரூம் பையன்: “பேய்னு சொல்லுதான் ஒருத்தன். பந்தயம் கட்டியிருக்கோம். நீ சொல்லு, பேயா, பொம்பளையா?”

“தெரியலைங்க” என்றேன்.

“ஆபீஸ்ல இருந்துக்கிட்டே தெரியலன்னுதியே. எந்த ஸ்கூல்ல படிக்க?”

பத்தாவது பாதியில் நின்றதை இவருக்குச் சொல்வானேன். வைத்துவிட்டேன்.

ஓனர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். “கொலுசா? அது நாமளே வச்சதுதான்” என்று எங்கள் கேபிள் லைன்மேனிடம் சொன்னார்.


வியாழன், 7

வெயில், புழுக்கம். ஊறவைத்த துணி அப்படியே இருக்கிறது.

அண்ணன் காலையில் ஷேவ் செய்துகொண்டான். மீசையை ஓரத்தில் கத்தரித்தான். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளைச் சட்டை இஸ்திரிக்குக் கொடுத்தாயிற்று. “இன்னிக்கி ஷிஃப்ட் முடிஞ்சதும் சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டு வந்துருவேன். ஒடம்பு சரியில்லன்னு சொல்லலாமா, நேரா சொல்லலாமா?” என்று என்னைக் கேட்டான். அவன் என்னிடம் யோசனை கேட்பதே இல்லை.

அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவன் முகத்தைப் பார்க்காமல், ஊறவைத்த துணியைப் பார்த்து.

“லீவு போடாதண்ணா.”

“ஏன்?”

“அவங்க நல்லா இருக்குன்னது சாக்கு போட்டிருந்ததை.”

“அதுவும் தேவாதானே.”

“அது நான். மொத பாகத்துக்கு யாரும் நல்லா சொல்லல. சட்டைய மட்டும்தான் சொன்னாங்க.”

கத்தரிக்கோலை ஜன்னலில் வைத்தான்.

“இன்னா சொன்னாங்க? உள்ளத சொல்லு.”

“பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருக்குன்னு.”

“யாரு சொன்னது?”

“ஒரு அக்கா.”

“ஒருத்திதானே.”

“அப்புறமும் சொன்னாங்க.”

ரேசரைக் கழுவினான். கழுவிக்கொண்டே இருந்தான். “ரெண்டு நாளா எதுக்கு நல்லா இருக்குன்ன?” என்றான். துணியைத் தண்ணீருக்குள் அழுத்தினேன். “நீ பெரிய நடிகை. நடத்து” என்றான். டிபன் பாக்ஸை எடுக்காமல் கிளம்பினான். அம்மா வந்து பாக்ஸைப் பார்த்து, “எதுக்குடி கோச்சிகினு போறான்? கொழம்புல உப்பா?” என்றாள். ஆமாம் என்றேன்.

நான்காம் பாகத்துக்கு என்ன போன் வந்தது என்று நினைவில்லை. “சரிங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். லீவு கேட்டானா, கேட்கவில்லையா.


வெள்ளி, 8

ஆடி வெள்ளி. அம்மாவுடன் கோயிலுக்குப் போகவில்லை. ஓனர் வேனில் படப்பை.

காலையில் அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பவில்லை. இஸ்திரிச் சட்டை ஆணியில் தொங்கியது.

குடோனில் பதினொரு மணிவரை அவனுக்காகக் காத்திருந்தார்கள். ஓனர் என்னையே திரும்பத் திரும்பக் கேட்டார். “வருவானா, மாட்டானா? சொல்லிட்டுப் போகலையா?” நான் தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. மத்தியானம் ஷிஃப்ட் நேரத்தில் ஓனர் அவன் கம்பெனி கேட்டுக்கு ஆள் அனுப்பினார். போன லைன்மேன் திரும்பி வந்து, “உள்ள போய்ட்டான் சார். யூனிஃபாரத்தோட பார்த்தேன். பையில வச்சிருந்த வெள்ளச் சட்டைய என் கையில குடுத்தனுப்புனான், யாராவது போட்டுக்கட்டும்னு” என்றார்.

எனக்கு மூச்சு வந்தது.

ஓனர் அரை மணி நேரம் வாயில் வந்ததெல்லாம் திட்டினார். அப்புறம் என்னைப் பார்த்து, “சாக்க எடுத்தா நீயே வந்துரு. கொலுசுப் பொண்ணு. டாப்பா இருக்கும்” என்றார். மாட்டேன் என்றேன். இரண்டாம் தடவை கேட்டார். மாட்டேன் என்றேன். இந்த ஒரு வார்த்தையை நான் இவ்வளவு சத்தமாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை. லைன்மேன் திரும்பிப் பார்த்தார்.

கடைசியில் நடந்தது: சாக்கு போட்டு உட்கார்ந்தது நான். போலீஸ் வந்து சாக்கை எடுக்கும்போது உள்ளே ஓனர். அண்ணன் சட்டை அவருக்குப் பட்டன் போட முடியவில்லை. வசனம்: “நீங்கள் முதலில் பார்த்தது என்னுடைய மாறுவேடம். நான்தான் உண்மையான தேவா.” கொலுசுக்கு விளக்கம் கிடையாது.


சனி, 9

துணி துவைத்தேன். பால் திரிந்துபோனது.

அண்ணன் பேசவில்லை. ஷிஃப்டுக்குப் போனான், வந்தான். நான் வைத்த சோற்றைத் தின்றான். அம்மா, “ரெண்டு பேருக்கும் நடுவுல நான் இன்னா தபால்காரியா, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சொல்லிகினு இருக்க?” என்கிறாள்.


ஞாயிறு, 10

நல்ல மழை. ஜன்னல் வழியாகத் தண்ணீர். போனை நகர்த்தி ஸ்டூல் மேல் வைத்தேன்.

நான்கு பாகத்தையும் திரும்பப் போட்டுவிட்டுக் கடைசி பாகம். அண்ணனுக்கு இன்று லீவு நாள். நான் கிளம்பும்போது டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான், வீட்டில் அம்மாவோடு. செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

கடைசி பாகம் முடிந்ததும்:

– டீக்கடைக்காரர்: “சாக்குக்குள்ள ஒல்லியா கீறாரு, வெளில வந்தா தொப்ப. உள்ள வச்சி சோறு போட்டாங்களா?”

– புதன்கிழமை பெண்தான் கடத்தினாள் என்றவர்: “மாறுவேசம்னு எனக்கு மொதல்லயே தெரியும். அந்தப் பையன் மூஞ்சி ஒட்டவே இல்ல.”

– ரூம் பையன்: பந்தயத்தில் யாருக்குமே ஜெயிப்பு இல்லை, யார்மீது கேஸ் போடுவது.

– பாட்டியம்மா: பிள்ளை நல்லபடியாக வந்துவிட்டானா, அது போதும்.

அடுத்து ஒரு போன். மழைச் சத்தம், கூடவே லாரி போகிற சத்தம். கடையில் தொங்கும் ஒரு ரூபாய் போன் என்று தெரிந்தது.

“கேபிள் ஆபீசுங்களா?”

குரல் தெரிந்துவிட்டது. “ஆமாங்க” என்றேன்.

“தேவா எங்கே பாத்தேன். கருத்து சொல்லலாமா?”

“சொல்லுங்க.”

“மொத பாகத்துல வர்ற ஆளு சரியில்ல. பாடம் ஒப்பிக்கிறான். அவனுக்கு வேற வேல இருந்தா அதப் பாக்கச் சொல்லுங்க.”

ரிசீவரை மறு காதுக்கு மாற்றினேன்.

“சாக்குல இருந்தாங்க இல்ல, அவங்க நல்லா பண்ணாங்க. மூணாவது பாகம் ரெண்டு தடவ போட்டாலும் பாப்பேன். சொல்லிருங்க அவங்ககிட்ட.”

“சொல்றேங்க” என்றேன்.

“யாரு பேசறதுன்னு எழுதிக்க மாட்டீங்களா?”

“தெரு பேர் சொல்லுங்க.”

எங்கள் தெருவைச் சொன்னான். சிரிக்கிறானா, மழையா, தெரியவில்லை. காசு முடிந்து கட்டானது.

உடனே அடுத்த போன். தண்டலத்திலிருந்து. கடத்திய வேன் விலைக்கு வருமா என்று.