தம்பி வீட்டு விலாசம்

யூன் 9, திங்கள்

சோளகக் காற்று. முற்றமெல்லாம் மண். காயப்போட்ட துணியை இரண்டாம் முறை அலச வேண்டியதாகிவிட்டது. கழுதை ஒன்று கேற்றைத் தள்ளிக்கொண்டு வந்து முருங்கைக் கன்றைக் கடித்துவிட்டுப் போனது. துரத்தினால் உம்மாவுக்குக் கோபம் வரும்.

தைக்க: பள்ளிச் சட்டை 3, கழுத்து மட்டும் பாக்கி. வெள்ளை நூல் வாங்க.

இங்கிலாந்தில் இருக்கும் தம்பி ரிஸ்வான் பெருநாளன்றும் போனை எடுக்கவில்லை. இன்று ஒரு குரல் செய்தி. "ராத்தா, வேலையால நிப்பாட்டிப் போட்டாங்கள். நான் எல்லாருக்கும் பாரம். நான் இல்லாட்டியும் உம்மாவைப் பாத்துக்கொள்ளுங்கோ." மூன்று முறை கேட்டேன். வாய் திறந்தால் நக்கலடிக்கிற பிள்ளை. ஒரு நக்கல் கூட இல்லை.

பசாரில் அண்ணன், எங்கள் நானாவின் கடைக்குப் போய்ச் சொன்னேன். "தனிய இருந்தா அப்பிடித்தான் யோசினை வரும். தொழச் சொல்லு" என்றார்.

சொல்லலாம். முதலில் அவன் போனை எடுக்க வேண்டுமே.

யூன் 10, செவ்வாய்

காற்று அப்படியே. கரண்ட் இல்லை. ரிஸ்வான் எடுக்கவில்லை. மெசேஜை மட்டும் பார்த்திருக்கிறான்.

அந்த நாட்டு அவசர இலக்கத்தைத் தேடி அடித்தேன். அப்படி ஒரு இலக்கம் பாவனையில் இல்லையாம். மும்மொழியிலும் மரியாதையாகச் சொன்னாள். போனுக்குள் இருக்கிற பெண்ணைத் திட்டி என்ன பயன். திட்டினேன்.

பிறகு நம் நாட்டு மனநல உதவி இலக்கம். உம்மாவுக்குக் கேட்கக் கூடாது என்று தையல் மெசினை மிதித்துக்கொண்டே பேசினேன். தமிழ்ப் பிள்ளை ஒருத்தி, நிதானமாகப் பேசினாள்.

"சாகிற எண்ணம் இருக்கோ எண்டு நேரடியாக் கேளுங்கோ அக்கா. கேக்கிறதால அந்த எண்ணம் வராது."

"அவசர இலக்கம் போகுதில்லையே."

"அது அந்த நாட்டுக்குள்ள மட்டும்தான். அந்த ஊர்ப் பொலிசுக்கு வெளியில இருந்து அடிக்கிற நீட்டு இலக்கம் இருக்கும், தேடி எடுங்கோ. விலாசத்தையும் கையில வச்சிருங்கோ."

நாடு நாடாக உதவி இலக்கம் போட்ட பக்கம் ஒன்று போனில் கிடைத்தது. உலகம் முழுக்க இத்தனை பேர் இதைத் தேடுகிறார்களா? ஏனோ கொஞ்சம் ஆறுதல். நீட்டு இலக்கமும் எடுத்தாயிற்று.

விலாசம்? இங்கேதான் இடிந்துபோனேன். கருவாடு, தூள், பனங்கட்டி, எல்லாம் யாராவது போகிறவர் கையில்தான் கொடுத்துவிடுவோம். தபாலில் ஒன்றும் அனுப்பியதில்லை. அவன் கட்டா கருவாடுதான் தின்பான் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எந்தத் தெருவில் இருக்கிறான் என்று ஒருவருக்கும் தெரியாது. வெட்கமாக இருந்தது.

யூன் 11, புதன்

மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு எடுத்தான். அங்கே காலை. கேட்டுவிட்டேன், நேரடியாக.

"ஓம் ராத்தா."

"இண்டைக்கோ?"

"தெரியா."

விலாசம் கேட்டதும் வைத்துவிட்டான். திரும்ப அடித்தால் போன் ஓஃப்.

கடைசிப் பார்சலைக் கொண்டுபோனது ஓலைத்தொடுவாய் அந்தோனி அண்ணையின் மகள் ஜெனிற்றா. அவளும் அங்கேதான் இருக்கிறாள். அண்ணை ஒரு கேள்வியும் கேட்காமல் அவள் நம்பரைத் தந்தார். அவளிடம் மறைக்கவில்லை.

"கோழிப்பொரியல் கடைக்கு மேல்மாடி அக்கா, பின்பக்கப் படி. விலாசம் போனில கிடக்கு, இப்ப அனுப்புறன். நானும் ரெயினில ஏறிப் போறன். ஆனா நேரம் எடுக்கும். நீங்கள் பொலிசுக்கு அடியுங்கோ."

நானா வந்து நின்றார். "விசா இல்லாதவன். பொலிஸ் போனா பிடிச்சு அனுப்பிப் போடுவாங்கள்."

"அனுப்பட்டும் நானா. உயிரோட அனுப்பட்டும்."

கதிரையில் உட்கார்ந்தார். பிறகு தன் போனை நீட்டினார். "இதில காசு கிடக்கு. அடி."

என் இங்கிலிஷ் எட்டாம் வகுப்போடு நின்றது. தம்பி, தனியே, ஆபத்து, விலாசம் எழுத்தெழுத்தாக. மறுமுனையில் பொலிஸ்காரர் பொறுமையாகத் திருப்பிச் சொல்லிச் சரி பார்த்தார். தம்பி நல்ல பிள்ளை என்றும் சொல்லி வைத்தேன். அது அவருக்கு எதற்கு?

அஸர் தொழ நின்றேன், எத்தனை ரக்அத் தொழுதேன் என்று தெரியவில்லை. திரும்பத் தொழுதேன்.

மாலை மஃரிப்புக்கு முன் ஜெனிற்றா அடித்தாள். "பொலிஸ் தட்டக் கதவைத் திறந்திட்டான் அக்கா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திட்டினம். நான் பக்கத்திலதான் இருக்கிறன்."

அல்ஹம்துலில்லாஹ். நானா முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டார். நானும் அழுதேன்.

உம்மாவிடம் சொல்லப் போனால், "நேத்து துணியில்லாமல் மெசினை மிதிச்சனீ. எனக்குக் காது கேக்கும்" என்றார். இரண்டு நாளாக ஓதிக்கொண்டிருந்திருக்கிறார்.

யூன் 13, வெள்ளி

காற்றுக் கொஞ்சம் தணிவு. சட்டை 3 கொடுத்தாயிற்று. ஒன்றில் பொத்தான் இடம் மாறிவிட்டது. தாய்க்காரி அப்படியே வாங்கிப் போனாள்.

ஜும்ஆ முடிகிற நேரம் ரிஸ்வானே அடித்தான், ஆஸ்பத்திரியிலிருந்து.

"ஆரைக் கேட்டுப் பொலிசை அனுப்பினனீங்கள்? கடைக்காரன், பக்கத்து ரூம், எல்லாரும் பாத்தவங்கள். எனக்கு மானம் போச்சு."

"ஓம்."

"இனி உங்களோட கதைக்க மாட்டன் ராத்தா."

"சரி. சாப்பிட்டியா?"

"ராத்திரி பாணும் சூப்பும் தந்தவங்கள். உப்பில்லை."

வைத்துவிட்டான். என்னோடு கோபமாம். நன்றாகக் கோபப்படட்டும். கோபப்பட ஆள் இருக்கிறான்.