அசெட்ஸ் என்ற சொல்

கோச்சடை,
வியாழக்கிழமை.

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை இசைவாணி எழுதுவது. அம்மாவும் நானும் இதுவரை நலம். போனில் கூப்பிட்டால் சங்கிலி மச்சான் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறார். அதனால்தான் திருப்பூர் பனியன் கம்பெனி முகவரிக்கு எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

போன ஞாயிறு மச்சான் மேலூரில் நம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒரு பத்திரத்தை நீட்டினார். “குவாரி லாரி போக பாதைதேன் கேக்குறாக அத்தே, மாப்ள சரின்னுட்டான்” என்றார். பத்திரம் முழுக்க ஆங்கிலம். நான் வாங்கிப் படித்தேன். பாதை என்ற பேச்சே அதில் இல்லை. உங்கள், அம்மாவின் ‘அசெட்ஸ்’ அத்தனைக்கும் குவாரிக்காரருக்கு அதிகாரம் கொடுப்பதாக இருந்தது. அப்பா கூலிவேலை பார்த்து வாங்கிய ஒன்றரை ஏக்கர், கிணறு, வீடு எல்லாமே அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும்.

வகுப்பில் பிள்ளைகளுக்குச் ‘சொத்து’ என்று சொல்லிக் கடந்துபோகிற சொல்தான். மனம் கேட்காமல் பள்ளியில் பெரிய அகராதியைப் புரட்டினேன். பழைய பிரெஞ்சில் அதற்குப் ‘போதுமானது’ என்று பொருளாம். இறந்தவர் விட்டுப்போனது அவர் கடனை அடைக்கப் போதுமா என்று கேட்ட வழக்குகளில் வளர்ந்த சொல்லாம். இறந்தவர் என்ற இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. அப்பாவும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுதானே சொன்னார்? மறுவாரம் குவாரிப் பள்ளத்துத் தண்ணீரில் கிடந்தார். கால் வழுக்கியது என்று போலீசில் எழுதிக்கொண்டார்கள்.

அம்மா கைநாட்டு வைக்கவில்லை. செவ்வாயன்று இரண்டு பேர் பள்ளி வாசலுக்கே வந்து, “டீச்சர், எம்புட்டு நேரத்துக்கு பஸ் ஏறுவீக?” என்று சிரித்தபடி கேட்டார்கள். அன்றே அம்மாவைக் கூட்டிக்கொண்டு, உடன் வேலை பார்க்கும் ஸ்ரீலட்சுமி டீச்சர் வீட்டுக்கு வந்துவிட்டேன். வீட்டில் அவர்கள் தங்களுக்குள் சௌராஷ்டிர மொழியில் தணிந்து பேசும்போது, எங்களால் அவர்களுக்கும் ஆபத்தோ என்று நினைத்துக்கொள்கிறேன். நேற்று ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். வாங்கி முத்திரை குத்தினார்கள். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை பத்திரம் பதிய உங்களைக் காரில் அழைத்து வருவதாக மச்சான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அந்தக் காரில் ஏறாதீர்கள் அண்ணே. மாட்டேன் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லவும் வேண்டாம். டீ குடிக்கப் போவதுபோல் வெளியே வந்து, பகலில், கூட்டமுள்ள பஸ்ஸாகப் பார்த்து ஏறி இங்கே எங்களிடம் வந்துவிடுங்கள். நிலம் போனாலும் போகட்டும். அம்மா சாப்பிட உட்கார்ந்தால் உங்களுக்கும் ஒரு தட்டு வைக்கச் சொல்கிறாள்.

உங்கள் தங்கை,
இசைவாணி