சுண்டு விரல் மட்டும் மரக்கவில்லை

ஜூலை 7, திங்கள்
காலையிலிருந்து தூறல். சிவாஜிநகர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்ததும் வலது கை மரத்தது. கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல். எறும்பு ஊர்கிற மாதிரி. கம்பெனியில் சட்டைக்கு நூல் வெட்டும்போது கத்தரி மூன்று தடவை கீழே விழுந்தது. உதறி உதறி வெட்டினேன்.
சூப்பர்வைசர் மஞ்சுளா: "ஏனம்மா செல்வி, டான்ஸ் கிளாஸா இது? முடியலன்னா சொல்லு, வேற ஆள் வெச்சுக்கறேன்."
எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஜூலை 9, புதன்
நாத்தனார் வந்தாள். அவர் போய் நாலு மாதம்.
"வளையல் உடைச்ச கை அண்ணி. துக்கம் அதுல எறங்கிடுச்சு."
மணிக்கட்டில் மந்திரித்த கயிறு கட்டிவிட்டாள், இறுக்கி. கையை நீட்டினேனே, நான் ஒரு மடச்சி.

ஜூலை 10, வியாழன்
ராத்திரி முழுக்க எரிச்சல், தூக்கமில்லை. விடிந்ததும் கயிற்றை அறுத்து எறிந்தேன்.

ஜூலை 11, வெள்ளி
பெரிய ஆஸ்பத்திரி. டாக்டரம்மா சின்னப் பெண். இரண்டு புறங்கையையும் ஒட்டி, விரல் கீழே தொங்க மடக்கச் சொன்னார். ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. மணிக்கட்டில் தட்டினார், கரண்ட் அடித்தது. உள்ளே நரம்பு நசுங்குகிறதாம்.
"சுகர் இருக்கா? தைராய்டு? நாள்பூரா கையில ஒரே மாதிரி வேலையா? பொம்பளைங்களுக்குத்தாம்மா இது ஜாஸ்தி. சுண்டு விரல் மரக்குதா?"
இல்லை. அதற்கு வேற நரம்பாம். துக்கமாம் துக்கம்! துக்கம் சுண்டு விரலை மட்டும் விட்டுவைக்குமா?
கட்டை விரலுக்குக் கீழே சதை வற்றிவிட்டது. "ரெண்டு வருஷமாவது இருக்கும். என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க? சீக்கிரம் ஆபரேஷன் பண்ணலன்னா பிடிமானம் திரும்பாது."
அவர் போன பிறகுதான் மரக்கிறது, நாலு மாதம்தான் என்று சண்டை போட்டேன்.

ஜூலை 12, சனி
லீவு. ஊறுகாய் பாட்டில் மூடி திறக்கவில்லை. துணி வைத்துத் திருகினேன். பல்லால் கடித்தேன். அப்போதுதான் உறைத்தது. அவர் இருந்தவரை, இரண்டு வருஷமாக நான் எந்த மூடியும் திறக்கவில்லை. போர்வை பிழிந்ததில்லை, தேங்காய் துருவியதில்லை, ஜாக்கெட் கொக்கிகூட அவர்தான். "குடு, நீ விடு" என்று பிடுங்கிக்கொள்வார். நானும் மகாராணி மாதிரி கொடுத்தேன்.
யார் செய்யச் சொன்னது உங்களை? ஒரே ஒரு நாள் "நீயே தெற" என்று திட்டியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். தெரியவிடாமல் பார்த்துக்கொண்டீர்கள். அப்புறம் நீங்கள் பாட்டுக்குப் போய்விட்டீர்கள்.
திங்கட்கிழமை அட்மிஷன். கூட ஆள் வர வேண்டுமாம். யாரும் வர மாட்டார்கள், நானே போகிறேன்.
பாட்டிலைச் சுவரில் அடித்தேன். தரையெல்லாம் மாங்காய், கண்ணாடி. இடது கையால் கூட்டுகிறேன், சரியாக வரவில்லை.