"காலை அசைக்கவும்" என்ற வரியை மாற்றக் கோரி

அனுப்புநர்:
பெண்கள் அறுவைப் பிரிவில் சன்னலோரப் படுக்கையில் இருந்தவரின் கணவர்,
(சுமை தூக்கும் தொழிலாளி, ஓய்வு)

பெறுநர்:
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்

பொருள்: வீட்டுக்கு அனுப்பும்போது தரும் அறிவுரைத் தாளில் ஒரு சொல்லை மாற்றுவதும், பருமனான பெண்களுக்குக் காலில் இரத்தம் உறைவது பற்றி வாயால் சொல்வதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த மனுவை நானே எழுதுகிறேன். மாலை வகுப்பில் சேர்ந்து இப்போதுதான் எழுத்துக் கற்றேன். மூட்டை தூக்கிய கைக்குப் பேனா கனமாக இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு வரி முடியும்போதும் மகிழ்ச்சி வருகிறது. மகிழக்கூடாத விஷயத்தை எழுதும்போது மகிழ்வதற்குப் பொறுத்தருளவும்.

2. என் மனைவி பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பறை வாசலில் நாளெல்லாம் முக்காலியில் அமர்ந்து காசு வாங்குபவர். பருத்த உடம்பு. கர்ப்பப்பையை எடுக்கும் அறுவைக்காகத் தங்களிடம் சேர்த்தோம். அறுவையில் ஒரு குறையும் இல்லை. எடையைக் குறைக்கும்படி எல்லோரும் சொன்னார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அவரும் அதைக் கேலி என்றே எடுத்துக்கொண்டார். வீட்டிலேயே நான் அவரை "மூட்டை" என்றுதான் கூப்பிடுவேன்.

3. வீட்டுக்குக் கிளம்பும்போது தாளை வாங்க மகள் கை நீட்டினாள். நான் விடவில்லை. பக்கத்துப் படுக்கைகளுக்கெல்லாம் கேட்கும்படி நானே வாசித்தேன். "காலை, இரவு: மாத்திரை ஒன்று." அதன் கீழே, "காலை அசைக்கவும். எழுந்து நடக்கவும்." எங்கள் பாடப்புத்தகத்தில் "காலை" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சூரியன் உதிக்கும் படம் இருக்கும். "கால்" வேறொரு பக்கத்தில், பாதத்தின் படத்தோடு இருக்கும். அந்தக் கால்தான் இந்தக் காலையாகவும் ஆகும் என்ற பாடத்துக்கு நாங்கள் இன்னும் வரவில்லை.

4. ஆகவே காலையில் மட்டும் அவரை நடக்க விட்டேன். மற்ற நேரமெல்லாம் படுக்கவைத்து, அசையாமல் பார்த்துக்கொண்டேன். மாலையில் எழுந்திருக்கப் பார்த்தால் தாளைக் காட்டிப் படுக்கவைத்தேன். மருத்துவமனையில் மாலையிலும் நடக்கவைத்தார்களே என்று மகள் சொன்னாள். அச்சடித்தவர்களைவிட உனக்குத் தெரியுமா என்று அவள் வாயை அடைத்தேன்.

5. இடது கெண்டைக்கால் வலிக்கிறது, சுடுகிறது என்றார். பருத்த கால் என்பதால் வீக்கம் என் கண்ணில் படவில்லை. தையல் பிரிக்க வந்த அன்று தங்கள் பணியாளர் ஒருவரிடம் சொன்னோம். அவர் காலைப் பார்க்காமலே, உடம்பைக் குறைத்தால் வலி தானாகப் போகும் என்றார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். மறுநாள் குளியலறையிலிருந்து வந்தவர் மூச்சு முட்டி, கதவைப் பிடித்தபடியே சரிந்தார். காலில் உறைந்த இரத்தம் பெயர்ந்து நுரையீரலை அடைத்திருந்தது.

6. தங்கள் மருத்துவர்களே உயிரைக் காப்பாற்றினார்கள். பெரிய மருத்துவர் அப்போதுதான் விளக்கினார். பருமனான உடம்பில் வயிற்றுக் கொழுப்பு அழுத்துவதால் காலிலிருந்து இரத்தம் மேலே ஏறத் தாமதமாகும். அந்தக் கொழுப்பே இரத்தத்தை எளிதில் உறையவும் வைக்கும். பெண்களுக்குச் சில ஹார்மோன் மாத்திரைகள், பிரசவம், அறுவை, அசையாத படுக்கை, இவற்றில் ஏதாவது சேர்ந்துவிட்டால் ஆபத்து இன்னும் கூடும். இதை முன்பே சொல்லியிருந்தால் நான் சிரித்திருக்க மாட்டேன்.

7. நடந்ததை மனைவியிடம் ஒப்புக்கொண்டேன். "எழுத்துக் கத்துக்கிட்டதும் முதல் வேலையா என் காலை வாரிட்டீங்களே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இப்போது நான் மூட்டை என்று கூப்பிடுவதில்லை. அதற்கும் என்ன கோபம் என்று கேட்கிறார்.

8. என் குற்றத்தைத் தங்கள் தாளின் மேல் ஏற்றிவிட இதை எழுதவில்லை. ஆசையில் தாளைப் பிடுங்கி வாசித்தவன் நான்தான். ஆனால் எங்கள் மகளுக்கு அடுத்த மாதம் தங்கள் மருத்துவமனையிலேயே அறுவை செய்து பிள்ளை எடுக்கப்போகிறார்கள். அவளுக்கும் அம்மாவின் உடம்புவாகு. அவள் கைக்கும் இதே தாள்தான் வரும். அவளுக்குப் படிக்கத் தெரியும். படிக்கத் தெரியாத தாய்மாரின் தாளை, என்னைப் போல் புதிதாகப் படித்த யாரோ ஒருவர் ஆசையாக வாசிப்பார்.

9. எனவே "காலை" என்பதை எடுத்துவிட்டு "கால்களை" என்று அச்சிட வேண்டும். பக்கத்தில் ஒரு பாதம் வரைந்தால் இன்னும் நல்லது. பருமனான பெண் கால் வலி என்றால் எடையைப் பேசும் முன் துணியை விலக்கிக் காலைப் பார்க்கும்படி பணியாளர்களுக்குச் சொல்ல வேண்டும். காலில் இரத்தம் உறையும் ஆபத்தை அப்படிப்பட்ட பெண்களுக்கு முன்பே வாயாலும் விளக்க வேண்டும். அடுத்த மாதத்துக்குள் இதைச் செய்து தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இந்த மனுவை மகள் ஒருமுறை வாசித்துப் பார்த்தாள். இந்த முறை நானே அவள் கையில் கொடுத்தேன்.

மனைவியின் காலருகே அமர்ந்து எழுதும்,
(கையொப்பம். கைநாட்டு அல்ல)

இடம்: எங்கள் வீட்டு முன்னறை
நாள்: திங்கட்கிழமை, காலை (சூரியன் படம் போட்ட காலை)