ஆத்து மண்

மேற்கு மாம்பலம்,
22-6-1996

குழந்தை மாளவிகாவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். நானும் அம்மாவும் இங்கே நனையாமல் சௌக்கியமாக இருக்கிறோம். அகமதாபாத்தில் வெயில் தணிந்ததா?

இங்கே ஜூன் மாதத்தில் பேய் மழை. தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். எதிர்வீட்டு ஸ்ரீரங்கன் டி.வி.யைத் தூக்கிக்கொண்டு குடும்பத்தோடு வந்து மூன்று நாள் நம் வீட்டில்தான் இருந்தார். உன் பேச்சைக் கேட்டுத் தரையை உயர்த்தியபோது, கப்பலா கட்டறேள் என்று கேட்டவர். அம்மா ரசம் பரிமாறும்போது அதை இரண்டு தரம் ஞாபகப்படுத்தினாள்.

தெருத் தண்ணீர் வடிய நாலு நாள் ஆயிற்று. நம் வாசல் ஒரே நாளில் காய்ந்துவிட்டது. கிணற்றில் நாலு உறை தண்ணீர் ஏறியிருக்கிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாடி மழை பூமிக்குள் இறங்க நீ வாசலில் வெட்டிய குழியைத்தான் நான் மூடிவிட்டேனே!

முப்பது வருஷம் சிமெண்டும் ஜல்லியுமாக வாழ்ந்தவனுக்கு நேற்றுப் படித்தவள் சொல்வதா என்று வீம்பு. கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் சாக்கடையா என்று கேட்பார்களே என்று வேறு பயம். அஸ்திவாரம் தோண்டிய களிமண் கொல்லையில் கிடந்தது. ஆத்து மண்ணையே போட்டு மூடிடு என்று கொத்தனார் பஞ்சாட்சரத்திடம் சொன்னேன். மூடிய குழியைப் பார்த்த நீ பந்தியில் உட்காராமல் மத்தியான ரயிலுக்கே கிளம்பிவிட்டாய்.

நேற்று அவனைக் கூப்பிட்டு விசாரித்தேன். "நீதானே சாமி சொன்னே, ஆத்து மண்ணு போடுன்னு? பாலாத்துலேர்ந்து லாரில இட்டாந்து கொட்னேன். இப்ப இன்னா கொறை?" என்கிறான். நான் நம் வீட்டு மண்ணைச் சொன்னேன், அவன் ஆற்றுக்கே போய்விட்டான். நீ அடியில் போட்ட செங்கல் துண்டுகளின் மேல் அத்தனையும் மணல். தண்ணீர் அழகாக இறங்கியிருக்கிறது. கொல்லைக் களிமண்ணில் அம்மா அவரைக்கொடியே போட்டுவிட்டாள், அந்தக் குவியல் ஏன் அங்கேயே இருக்கிறது என்று எனக்கு இத்தனை நாளும் தோன்றவில்லை பார்.

பஞ்சாட்சரத்துக்கு வேஷ்டி எடுத்துக் கொடுத்தேன். உனக்கு என்ன கொடுப்பது? நீ சொன்னது சரி, நான் செய்தது தப்பு. ஸ்ரீரங்கனும் தன் வாசலில் குழி வெட்டப் போகிறாராம். நீ வந்து இடம் காட்டினால்தான் வெட்டுவேன் என்கிறார்.

நான் சொல்வதை இனி யாரும் மாற்றிப் புரிந்துகொள்ளக் கூடாது. அதனால் தெளிவாகவே எழுதுகிறேன். ஆற்றுக்கு இல்லை, ஆத்துக்கு வாடி குழந்தே.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

அப்பா
ராகவேந்திரன்