கேமராவைப் பார்த்துப் பேசிய அம்மாவுக்கு

கொழும்பு,
ஆகஸ்ட் 2001

அன்புள்ள அம்மாவுக்கு,

மாதாவின் துணையால் நான் நலம். உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? தங்கச்சி சுஜீவா இதை நிதானமாக வாசித்துக் காட்டட்டும்.

ஒரு வேடிக்கை நடந்தது. கொஸ்லந்தையில் நம் தேயிலைத் தோட்டத்துக்கு விளம்பர வீடியோ எடுக்க எங்கள் ஸ்டூடியோ ஆட்கள் வந்தார்கள் அல்லவா? அதை எடிட் செய்யும் வேலை என்னிடம்தான் வந்தது. கேசட்டைப் போட்டால், கொழுந்துக் கூடையோடு நீங்கள்! கிறிஸ்மஸ் சேலை வேறு. நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசுகிறீர்கள். மகன் வேலை செய்யும் இடத்துக்குத்தானே போகிறது என்று நினைத்திருப்பீர்கள். சரியாகத்தான் வந்து சேர்ந்தது அம்மா.

ஆனால் பின்னால் மியூசிக் போடுவதுதானே என்று அவர்கள் மைக்கே பூட்டவில்லை. உங்கள் உதடு மட்டும் அசைகிறது. சிரிக்கிறீர்கள், பிறகு முந்தானையால் முகத்தைத் துடைக்கிறீர்கள். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

முதலாளி எட்டிப் பார்த்து, "கேமராவப் பாக்குற அந்தப் பொம்பளைய வெட்டிரு தம்பி" என்றார். அது யாரென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்டிவிட்டேன். அந்த இடத்தில் இப்போது தியலும நீர்வீழ்ச்சி விழுகிறது.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய சுவெட்டரைக் கொடுத்தனுப்புங்கள். எடிட்டிங் அறையில் ஏசி குளிர் தாங்கவில்லை. கொஞ்சம் எலுமிச்சை ஊறுகாயும்.

நாளைக்கு அதே கேசட்டை அழித்து அதில் ஒரு நகைக்கடைக்குப் படம் பிடிக்கப் போகிறார்கள். அதற்குள் இன்னொரு தடவை பார்க்க வேண்டும், அவசரமாக முடிக்கிறேன்.

அன்றைக்கு என்ன சொன்னீர்கள் அம்மா? சுஜீவாவை எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்,
றுஷாந்தன்